சுங்கை லாலாங்குக்கு வந்த விண்ணப்பங்கள்

1934 அக்டோபரில் ஒரு காலை, மலாயாவின் மூவாரிலிருந்து ஆற்றில் மேலேறி வந்த படகு சிவசம்புவைச் சுங்கை லாலாங் துறையில் இறக்கிவிட்டது. ஒரே கடைத்தெரு. அதன் கோடியில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. காற்றில் புளித்த ரப்பர் பாலின் வாடை.

கல்லூரித் தலைவர் சரவணமுத்து அவனுக்கு யாழ்ப்பாணத்தில் பக்கத்து ஊர்க்காரர். கிராணியாக, எழுத்து வேலைக்கு, அவனை வரவழைத்ததே பத்திரிகைக்கு எழுத வேண்டிய ஒரு கடிதத்துக்காகத்தான். கடைத்தெருவில் மூன்று பேர் காய்ச்சலில் செத்ததைச் சிங்கப்பூர்ப் பத்திரிகை ஒன்று பெரிதாகப் போட்டு, 'காய்ச்சல் ஊர்' என்று பெயரும் வைத்துவிட்டது. போன வருஷம் நூற்றறுபது பேர் விண்ணப்பித்த கல்லூரிக்கு இந்த வருஷம் ஒன்பது பேர். இப்படியே போனால் ஜனவரியில் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

"சுகமில்லாத பிள்ளை ஒருத்தரும் இங்க இல்லை எண்டு வடிவா எழுதும். உமக்கு அது வரும்" என்றார்.

சிவசம்பு எழுத உட்கார்ந்தான். அலுவலகச் சுவருக்கு அப்பால் யாரோ தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் ஓய்வு. மறுபடி மூன்று.

கேட்டதற்கு, அது பழைய சாமான் அறை, எலித் தொல்லை என்றார் சரவணமுத்து. எலி எண்ணித் தட்டாது என்று சிவசம்புவுக்குத் தெரியும். ஆனாலும் பேனாவை எடுத்தான். ஊரிலிருக்கும் மனைவியை அழைத்துக்கொள்ள அவனுக்கு இந்த வேலை வேண்டும்.

இரண்டு நாள் எழுதினான், திருத்தினான், நகலெடுத்தான். இரண்டு நாளும் தட்டல் கேட்டது.

மூன்றாம் நாள் உச்சியில் நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் பாயில் சுற்றிய ஒன்றைப் படகில் ஏற்றினார்கள். காவல்காரன் அய்யாவு சொன்னான். மூவார் சாப்பாட்டுக்கடைக்காரர் மகன், விடுதி மாணவன் ஆதமுக்குக் காய்ச்சல் கண்டதாம். டாக்டர் வந்தால் செய்தி பரவும் என்று தலைவர் அவனை அந்தச் சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட்டாராம். விடுதிப் பிள்ளைகளிடம் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொன்னாராம்.

"சாவி அவர் கையிலதாங்க. தண்ணி, தண்ணின்னு தட்டிக்கிட்டே இருந்தான்."

சிவசம்பு கடிதத்தைத் தபாலில் போட்டான். பத்திரிகையில் அச்சாகி வந்தது.

அடுத்த வாரம் தபால்காரன் மூட்டையோடு வந்தான். நூற்றுக்கு மேல் விண்ணப்பங்கள். பொந்தியானிலிருந்து, ரெங்கத்திலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட. சரவணமுத்து சிரித்தபடி முதல் உறையைப் பிரித்தார்.

பெயர், வயது, படிப்பு எல்லாம் சரியாக இருந்தன. உடல்நிலை என்ற இடத்தில் எழுதியிருந்தது:

'மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை.'

அடுத்ததிலும் அதே வரி. அதற்கடுத்ததிலும். ஒவ்வொன்றும் அந்தந்தப் பையனின் கையெழுத்தில்.

மை காயவில்லை.

யாரோ விஷமம் செய்கிறார்கள் என்று கத்தி, அத்தனையையும் கொளுத்தச் சொன்னார். மறுநாள் தபாலிலும் அதுவே வந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தண்ணீர் இறங்கவில்லை. குவளையை உதட்டில் வைத்தால் குவளை வெறுமையாக இருந்தது. நிரப்பிக் கொடுத்தவன் சிவசம்புதான்.

வெள்ளிக்கிழமை காலை, ஜொகூர் பாருவுக்குப் போய் டாக்டரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். படகுக்காரன் அவரைப் பார்க்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஞாயிறு உச்சிப்பொழுதில் சாமான் அறைக் கதவு தானாகத் திறந்தது.

சரவணமுத்து வாசற்படியில் தலை வைத்துக் கிடந்தார். உதடு வெடித்திருந்தது. விரல் முட்டிகளில் எலும்பு தெரிந்தது. கதவின் உட்பக்கம் முழுக்க ரத்தம்.

ஆதம் போன பிறகு அந்தக் கதவில் பூட்டே இல்லை. மூன்று நாளும் அய்யாவு அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றான்.

அன்றே சிவசம்பு பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் எழுதினான். ஆதம் அடைபட்டதையும் செத்ததையும், முதல் கடிதம் பொய் என்பதையும் எழுதினான். சுவருக்கு இப்பால் உட்கார்ந்து தான் கேட்டுக்கொண்டிருந்ததை மட்டும் விட்டுவிட்டான். அதன்பின் விண்ணப்பம் ஒன்றும் வரவில்லை. கல்லூரியை மூடினார்கள்.

அவனுக்குப் பொந்தியானில் ஒரு கொப்பரைக் கிட்டங்கியில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்கினான். பிறகு மனைவி அன்னலட்சுமி கப்பலில் வந்து சேர்ந்தாள். வந்த அன்று மத்தியானம் சோறு போட்டுவிட்டு அவள் வாசலையே பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, துறையில இருந்து எங்களுக்குப் பின்னால வந்த பொடியன் ஆர்? உள்ள வரச் சொன்னன், வரமாட்டானாம்."

சிவசம்புவின் கை சோற்றிலேயே நின்றது. வாசலில் அவன் கண்ணுக்கு ஒருவரும் இல்லை.

"என்ன சொன்னவன்?"

"நீங்கள் கடிதத்தில விட்ட ஒண்டை இன்னும் எழுத வேணுமாம். எழுதி முடியுமட்டும் நிக்கிறானாம்."