பழைய கற்கள் பரப்பிய அறை

மின் சூ-ரான் வீடுகளை வடிவமைப்பவள். மனையில் வெறுங்காலுடன் நடந்து பார்க்காமல் அவள் தாளில் ஒரு கோடும் இழுத்ததில்லை. அங்கே முன்பு நின்றிருந்த வீட்டின் ஏதேனும் ஒன்றைப் புதிய வீட்டில் சேர்க்காமல் விட்டதுமில்லை. கொரியாவின் ஆன்தோங் நகரின் ஓரத்தில் தம்பி ஜே-உன் மலிவாக வாங்கிய மனையிலும் அவ்வாறே செய்தாள். இடித்த வீட்டின் ஓடுகள் மதிலாயின. அடுப்பின் சூட்டைத் தாங்கித் தரையைக் கதகதப்பாக்கிய பழைய கற்களைப் புதிய படுக்கையறையின் தரைக்கடியில் மீண்டும் பரப்பச் செய்தாள்.

அந்தக் கற்களின் மேல்தான், பல்லாண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில், அடுப்பில் எரிந்த நிலக்கரி வில்லையின் நச்சுப்புகை கசிந்து ஒரு குடும்பமே உறக்கத்தில் மாண்டது. சூ-ரான் அதை அறிவாள். மாண்டவர்களுக்கு வீட்டில் ஓர் இடம் தருவதே மரியாதை என்று அவள் எண்ணினாள். தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. அவன் மனைவி போ-க்யோங் நிறைமாதக் கர்ப்பிணி.

குடிபுகும் நாளன்று, வழக்கப்படி, சோற்றுப் பானையை முதலில் உள்ளே வைத்தார்கள். சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பணியாரத்தை ஏந்தி ஜே-உன் அண்டை வீட்டுக்குப் போனான். போன வேகத்திலேயே திரும்பினான்.

"வாங்க மாட்டேன்னுட்டாங்க அக்கா. அந்தக் கல்லை வெளியே போட்டாத்தான் தின்பாங்களாம். நீ கட்டற வீட்டுல கல்லுக்குக்கூடக் கெட்ட பேரு இருக்கே!"

சூ-ரான் சிரிக்கவில்லை. படுக்கையறையில் கால் வைத்தாள்.

தரை சூடாக இருந்தது.

அடுப்பு இன்னும் மூட்டப்படவே இல்லை. நான்கடி தள்ளித் தரை பனிக்கட்டிபோல் இருந்தது. மீண்டும் சூடு, மீண்டும் குளிர். ஆட்கள் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் அகலத்தில் அந்தச் சூடு பரவியிருந்தது. காற்றில் நிலக்கரியின் புளித்த நெடி வீசியது.

நடுவே கிடந்த குளிர்ந்த இடைவெளியில் போ-க்யோங் ஒருக்களித்து உறங்கிக்கொண்டிருந்தாள்.

"போ-க்யோங்! எழுந்திரும்மா!"

அவள் உதடுகள் செர்ரிப் பழம்போல் சிவந்திருந்தன. "சத்தம் போடாதீங்க அக்கா," என்று முணுமுணுத்தாள். "தள்ளிப் படுத்து எனக்கு இடம் குடுத்தாங்க. பாவம், குழந்தைங்க தூங்குது."

கதவு தானே சாத்திக்கொண்டது.

அதன் மரச்சட்டத்தில் ஒட்டியிருந்தது வெறும் காகிதம். சூ-ரான் அதைக் குத்தினாள், கிழியவில்லை. நகங்கள் பெயர்ந்தன. வெளியிலிருந்து ஜே-உன் தோளால் மோதி மோதிச் சட்டத்தை உடைத்தான். இருவருமாகப் போ-க்யோங்கை முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள்.

"கார்ல ஏத்துடா, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்!"

தெரு வாசலைத் தாண்டியதும் போ-க்யோங்கின் மூச்சு நின்றது.

அவளை முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள், மூச்சு வந்தது. மீண்டும் வாசலுக்குப் போனார்கள், நின்றது. முற்றத்துக்கே திரும்பினார்கள்.

"என்ன அக்கா இது? என்ன வீடு கட்டி வச்சிருக்கே நீ?" ஜே-உன்னின் குரல் உடைந்தது. "ஏதாவது பண்ணு! குழந்தை போயிடும்!"

சூ-ரான் அப்போதுதான் அனைத்தையும் சொன்னாள். அவன் அவளை அடிக்கக் கை ஓங்கினான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினான்.

"அந்த இடத்துல யாராவது இருக்கணும்போல, நீ இவளை வாசலுக்குத் தூக்கிட்டுப் போ," என்றுவிட்டுச் சூ-ரான் அறைக்குள் நடந்தாள். கால் உள்ளே பட்ட கணத்தில், வாசலில் போ-க்யோங் நீண்ட மூச்சு இழுக்கும் ஒலி கேட்டது.

"அக்கா, நீயும் வெளியே வா! ஓடி வந்துடு!"

சூ-ரான் அறையிலிருந்து ஓரடி பின்வாங்கிப் பார்த்தாள். வாசலில் அந்த மூச்சு அறுந்தது. உடனே உள்ளே போய்விட்டாள்.

படுக்கைச் சாமான்கள் இன்னும் வண்டியிலிருந்து இறக்கப்படவில்லை. எனினும் அந்த அறையின் நடுவே ஒரு மெத்தை விரிக்கப்பட்டிருந்தது. போர்வையின் ஒரு முனை, உள்ளே வருபவருக்காக, மடித்துத் திறந்து வைக்கப்பட்டிருந்தது.

"காரை எடு ஜே-உன்," என்றாள் சூ-ரான். "நான் இங்கேயே இருந்துக்கறேன்."