சேற்றைத் தேடி வந்தவர்

தாழ்வுபாட்டு மீனவர் எமிலியானுஸின் படகில் அன்று காலை மீனோடு ஒரு வில்லங்கமும் வந்து சேர்ந்தது.

பூசணிக்காய் அளவில் மஞ்சள் மிதவைகள். கீழே ஓர் இரும்புச் சட்டம். அதில் இரு பக்கமும் இறுக மூடிய ஒரு கண்ணாடிக் குழாய்.

"தூரக் கடலில படகுக்குப் பக்கத்தில திடீரெண்டு மேல வந்தது. தொட்டால் கை விறைக்குது," என்றார் எமிலியானுஸ்.

"கள்ளக்கடத்தல் சாமானாத்தான் இருக்கும். உன்ர படகையும் பிடிச்சுக்கொண்டு போயிடுவினம். தாட்டுப்போடு!" என்றார் பக்கத்து வீட்டு யாகப்பர்.

படகு போனால் அடுப்பு எரியாது. எமிலியானுஸ் மணலைத் தோண்டத் தொடங்கினார்.

பத்து வயது மகள் மாக்கிறட்டுக்கும் சந்தேகம்தான். ஆனால் அவள் குழாயை உற்றுப் பார்த்தாள். உள்ளே கறுப்புச் சேறு. அதிலிருந்து சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

"அப்பா, உள்ளுக்க ஏதோ உயிரோட கிடக்குது. வெயிலில செத்துப்போகும்!"

மீன் போடும், குளிர் காக்கும் றெஜிபோம் பெட்டியில், ஐஸுக்குள் குழாயைப் புதைத்தாள். அப்பா முணுமுணுத்தபடி மிச்சத்தை வலையால் மூடினார்.

மத்தியானம் ஒரு ஜீப் வந்தது.

"மஞ்சள் மிதவை ஏதும் கண்டனீங்களோ?" என்று கேட்டார் அதில் வந்தவர்.

"ஒண்டும் காணேல்ல," என்றார் யாகப்பர். வந்தவரின் முகம் வாடிவிட்டது.

மாக்கிறட்டுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் ஆள் கள்ளன் என்றால்? அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. அறுந்துபோன வலையைத் தேடி வருபவர் அதன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார்கள்.

"மாமா, உங்கட சாமானுக்குள்ள என்ன கிடக்குது? சொல்லுங்கோ பாப்பம்," என்றாள்.

தங்கமா, முத்தா என்று யாகப்பர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"சேறு," என்றார் அவர்.

கரையே சிரித்தது. மாக்கிறட் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் பாலசிங்கம், ஆராய்ச்சிக் கப்பலில வேலை. அது எங்கட கருவி அடியில போய் அள்ளின ஆழ்கடல் சேறு, பிள்ளை. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கு. வெளிச்சமே இல்லாத குளிரில, சேத்தில வாற வாயுவைத் திண்டு சீவிக்குதுகள். இந்த வெயிலுக்கு எல்லாம் செத்திருக்கும்."

"சாகேல்ல, மாமா!"

மாக்கிறட் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். பாலசிங்கம் குழாயைத் தூக்கிப் பார்த்தார். குமிழிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.

"எங்கட ஆய்வுகூடத்துக் குளிரறையும் இப்பிடித்தான் இருக்கும்!" என்றார்.

"அப்ப... என்ர படகு?" என்று இழுத்தார் எமிலியானுஸ்.

"படகுக்கு என்ன? நாளைக்கு அதிலதான் எனக்கு அந்த இடத்தைக் காட்டப்போறியள்."

யாகப்பர் தலையைச் சொறிந்தார். "தம்பி, போன வருசம் எனக்கும் இப்பிடி ஒரு குழாய் கிடைச்சது. பயத்தில தென்னைக்குக் கீழ தாட்டுப்போட்டன். மரம் நல்லாத்தான் காய்க்குது!"

பாலசிங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். மாக்கிறட் சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் ஐஸ் அள்ளிப் போட்டாள்.