நிமிடத்துக்கு ஒரு புள்ளி

அறை முழுக்க விரல் புதையும் தூசி. அந்தக் கண்ணாடிப் பலகையில் மட்டும் இல்லை.

கிழவர் அதைக் கவனிக்காதவர் போல, தாமிரக் கம்பி ஓடும் சுவர்களில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். பழைய இரும்பு வியாபாரி அதற்காகத்தான் அவரை இங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தான். மலை உச்சியில் புதைந்த இந்த ரேடார் நிலையத்தில் எந்தச் சுவருக்குள் எது ஓடுகிறது என்று தெரிந்தவர்களில் உயிரோடிருப்பது அவர் மட்டும்தான். ராணுவம் காலி செய்தபின் இங்கே காளான் வளர்த்தார்கள். குடை அளவுக்கு வந்தது. ஒருநாள் சாப்பாட்டு டப்பாக்களைத் திறந்தபடி போட்டுவிட்டு எல்லோரும் போய்விட்டார்கள். பிறகு ஓர் அலுவலகம் தன் பழைய கோப்புகளை அடுக்கியது. கோப்புகள் இருக்கின்றன. அடுக்கியவர்கள் எங்கே என்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்களும் அவர்களோடு போயிருந்தார்கள்.

ரேடாரைப் பிடுங்கிய ஓட்டை வழியே பிற்பகல் வெளிச்சமும் கொஞ்சம் போன் சிக்னலும் இறங்கின. ஈரச் சிமென்ட் வாசனைக்கு நடுவே மெழுகுப் பென்சில் வாசனை.

திரும்பினார். பலகையில் மஞ்சள் புள்ளிகள்.

இளமையில் அவர் வேலையே அதுதான்: கண்ணாடிக்குப் பின்னால் நின்று, வருகிற விமானத்துக்கு மெழுகுப் பென்சிலால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்து, முன்னால் உட்கார்ந்த அதிகாரிக்கு நேராகத் தெரியும்படி நேரத்தை இடவலம் மாற்றி எழுதுவது. கல்யாணப் பதிவேட்டிலும் பழக்கதோஷத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டு, மனைவியிடம் ஆயுசுக்கும் ஏச்சு வாங்கியவர்.

இப்போது அவர் முன்னால் நின்றார். எழுத்து நேராகத் தெரிந்தது. 3.41. 3.42. மலைப்பாதை போலவே வளைந்து வளைந்து ஏறும் தடம்.

போன் அடித்தது. வேனில் கூட்டிப்போக வருவதாகச் சொன்ன மகள்.

"ரெண்டாவது வளைவு தாண்டிட்டேன்பா. டீ ஆறிப்போச்சுன்னா என்னைத் திட்டக் கூடாது."

புதிய புள்ளி. இரண்டாவது வளைவைத் தாண்டி.

"வண்டியத் திருப்பும்மா."

"ஒத்தை வண்டிப் பாதையில எங்க திருப்புறது? மேல வந்துதான் திருப்பணும்."

3.44. 3.45.

"அப்படியே பின்னால எடு. சொன்னாக் கேளு."

"விளையாடாதீங்கப்பா. அதான் கேட்ல நின்னு கை காட்டுறீங்களே. கூட யாரு, அத்தனை பேரு?"

போனில் என்ஜின் நின்றது. வண்டிக் கதவு. அப்புறம் ஒன்றுமில்லை.

3.46. புள்ளி நட்டநடுவில், இந்த நிலையம் இருக்கும் இடத்தில்.

வந்து சேர்ந்ததைத் துடைத்துவிட வேண்டும். வேலை அப்படி. கண்ணாடிக்குப் பின்னால் இருட்டிலிருந்து ஒரு துணி எழுந்தது. கீழ் வளைவிலிருந்து. மெதுவாக. ஒவ்வொரு புள்ளியாக.

துணி பிடித்த கையில் மகளின் கைக்கடிகாரம்.