தாழ்ப்பாள் இல்லாத கதவு

பாகூர். பொழுது பளபளவென்று விடிந்துகொண்டிருந்தது.

ஒரு பெண்ணின் அலறலில் தெருவே எழுந்து வந்தது.

ராஜ்மோகன் வீட்டுக் கூடத்தில் ஒரு பிணம்!

செத்தவன் அந்த வீட்டோடு இருந்த மருமகன் அரிகரன். தவளக்குப்பத்தில் செல்போன் கடை வைத்திருந்தவன். குப்புறக் கிடந்தான். பின்மண்டை பிளந்திருந்தது. நீட்டிய வலது கை, எதிரே இருந்த அறைக் கதவைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி விழுந்திருந்தது.

அறைக்குள், சுவரோரம் அமுதம் உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவியின் தங்கை.

மடியில் அம்மிக் குழவி. குழவியில் ரத்தம்.

கண்கள் திறந்திருந்தன. எதையும் பார்க்கவில்லை.

எஸ்.ஐ. ஜெயசித்ரா உள்ளே வந்தபோது ராஜ்மோகன் வாசலில் விறைப்பாக நின்றிருந்தார். மூன்று தலைமுறையாக ஊரில் தலை நிமிர்ந்து நடந்த குடும்பம். மருமகன் பிணத்தின் முன்னாலும் அவர் முதுகு வளையவில்லை.

"சின்னவதாம்மா பண்ணிட்டா. ரெண்டு வருஷமா புத்தி சரியில்ல. பைத்தியம்னு எழுதிக்குங்க. ஊர்ல வேற பேச்சு வரக்கூடாது."

"வேற பேச்சுன்னா இன்னா பேச்சு?"

அவர் பார்வையைத் தெருப் பக்கம் திருப்பினார்.

மூத்தவள் அம்சவள்ளி தூணில் சாய்ந்து விசும்பினாள். ஈரக் கூந்தல் முதுகில் ஒட்டியிருந்தது.

"அவரு எறும்புக்குக்கூட தீங்கு நெனைக்க மாட்டாரு மேடம்... அவரைப் போயி..."

"உங்க தங்கச்சிக்கு இன்னா பண்ணுது?"

"தூங்க மாட்டா. பின்னால யாராச்சும் நின்னா கத்துவா. கை பட்டா போதும், ஓடிப்போயி தலைக்கு ஊத்திக்குவா. ஓயாத குளியல். பயந்துட்டா மரக்கட்டையா ஆயிடுவா. கையில இன்னாத்த குடுத்தாலும் அப்படியே புடிச்சிக்கினு இருப்பா."

"டாக்டர் கிட்ட காட்டினீங்களா?"

"மந்திரிச்சோம். வில்லியனூர்ல ஒருத்தரு தாயத்து கட்டினாரு."

"நான் டாக்டரைக் கேட்டேன்."

ராஜ்மோகன் குறுக்கிட்டார். "டாக்டர்னா காரணம் கேப்பாங்களேம்மா."

ஜெயசித்ரா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஏட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சூசைநாதன், நீங்க வெளியவே நில்லுங்க. அந்தப் பொண்ணு கண்ணுக்குத் தெரியற மாதிரி நில்லுங்க. மறைவா வேணாம்."

அறைக்குள் நுழைந்தவள் அமுதத்துக்கு எதிரே, தள்ளி, தரையில் உட்கார்ந்தாள். குழவியைக் கேட்கவில்லை. கேள்வியும் கேட்கவில்லை.

கதவுக்குப் பக்கத்திலேயே ஒரு பாய். ஒரு தலையணை.

"பாய் ஏன் கதவாண்ட கிடக்கு?"

கூடத்திலிருந்து அம்சவள்ளி பதில் சொன்னாள். "கதவுல முதுகைக் குடுத்துக்கினுதான் படுப்பா. பைத்தியம்னா எல்லாம்தான்..."

"தாழ்ப்பாள் போட்டுக்கினா போதுமே."

ஜெயசித்ரா எழுந்து கதவைத் தடவினாள். தாழ்ப்பாள் இல்லை. ஸ்க்ரூ ஓட்டைகள் மட்டும்... அந்த ஓட்டைகளை அடைத்தபடி பச்சை பெயிண்ட்.

"எப்ப கழட்டினீங்க?"

"நோவு வந்தப்பறம். உள்ள பூட்டிக்கினு ஏதாச்சும் பண்ணிக்கப் போறான்னு..."

"பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?"

"என் வளைகாப்புக்கு."

"நோவு?"

"வளைகாப்பு முடிஞ்சி..."

அம்சவள்ளி பாதியில் நிறுத்தினாள். ஆனால் வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது!

"அப்ப ஓட்டை மேல பெயிண்ட் எப்படி வந்துச்சி? தாழ்ப்பாளைக் கழட்டினதுக்கு அப்பறம்தான் நோவே வந்திருக்கு. யார் கழட்டினாங்க?"

அம்சவள்ளியின் விரல் பிணத்தைக் காட்டியது. "அவராத்தான் இருக்கும்."

"எறும்புக்குத் தீங்கு நெனைக்காதவரா?"



ஜெயசித்ரா கூடத்துக்கு வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அடி பின்மண்டையில. விழுந்தது கதவைப் பார்த்து. ரத்தம் கூடத்துல மட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் சாஞ்சி கிடந்தவ, இந்தப் பக்கம் வந்து அவன் முதுகுக்குப் பின்னால எப்படி நிப்பா?"

"பைத்தியத்துக்கு..."

"இருங்க. கை பட்டாலே ஓடிப்போயி குளிப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? ரத்தக் கல்லை மடியில வெச்சிக்கினு இன்னும் குளிக்கல அது. குளிச்சது வேற ஆளு. வர்றப்பவே பார்த்தேன், பாத்ரூம் தரை ஈரம். வாளியில ஒரு நைட்டி ஊறுது. புருஷன் பிணமா கிடக்கும்போது உங்களுக்குத் தலைக் குளியல் கேக்குதா அம்சவள்ளி?"

அம்சவள்ளி தூணைப் பிடித்தபடி சரிந்தாள்.

"தண்ணி குடிக்க எழுந்தேன் மேடம். அந்தாளு இங்க நின்னு கதவைத் தள்ளிக்கினு இருந்தான். 'அமுதம், சத்தம் போடாத'ன்னு... எம் புருஷன்... எங்கப்பா வூட்லயே... அம்மி பக்கத்துல இருந்துச்சி."

"அப்பதான் உங்களுக்கு விஷயம் தெரிஞ்சிதா?"

அம்சவள்ளி வாயைத் திறந்தாள்.

ஆனால் குரல் அறைக்குள்ளிருந்து வந்தது.

"அவளுக்கு அப்பவே தெரியும்."

அமுதம்!

உதடு மட்டும் அசைந்தது. "அவன் உள்ள வந்த ராத்திரிக்கு மறுநாளே அக்கா கிட்டதான் சொன்னேன். வேற யார் கிட்ட சொல்லுவேன்? கனவு கண்டிருப்படின்னா. அப்பறம் பொறாமைன்னா. அப்பறம் பைத்தியம்னா. நானும் அப்படித்தான் போலன்னு நம்பினேன். இன்னிக்கு சத்தம் கேட்டு கதவைத் தொறந்தேன்... 'இந்தா வெச்சிக்கடி'ன்னு கல்லைக் கையில குடுத்தா."

அம்சவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள். "எம் புள்ளைக்கு அம்மா வேணுமேடி. பைத்தியத்தை ஜெயில்ல போட மாட்டாங்க... அதான்..."

"அதுக்காக அது ஆயுசுக்கும் பைத்தியமா இருக்கணுமா?" என்றாள் ஜெயசித்ரா. "அவன் செஞ்சது ஒரு துரோகம். நீங்க செஞ்சது ரெண்டு."

"மூணாவது ஆளும் இருக்கான்மா."

ராஜ்மோகன்!

"தாழ்ப்பாளை அவன் கழட்டல. நான் கழட்டினேன். 'சின்னவ கதவைச் சாத்திக்கினு போன் பேசறா மாமா, குடும்ப மானம் போயிடும்'னான். மருமகன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானே ஸ்க்ரூடிரைவர் எடுத்தேன். எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மானத்தைக் காப்பாத்தறேன்னு வழி வுட்டவனே நான்தான்."

அந்த முதுகு முதல்முறையாக வளைந்தது.

அறை வாசலுக்கு வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை. அவள் பார்க்கும்படி நின்றார்.

"அமுதம்... நான் உள்ள வரட்டுமா?"

அவள் வெகுநேரம் அவரைப் பார்த்தாள்.

"வேணாம்பா."

"சரிம்மா."

அவர் அங்கேயே நின்றார். தன் வீட்டில் அவருக்கு முதல்முறையாக ஒருத்தி மறுத்திருந்தாள். அதில் மானக்குறைவு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

அமுதத்தின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன. ஜெயசித்ரா குழவியைத் துணியில் வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, இது பைத்தியம் இல்ல. நடந்த கொடுமையில வந்த நோவு. மனநல டாக்டர் பார்த்தா, நாளானாலும் தேறி வரும். ஆனா அங்க காரணம் கேப்பாங்க."

"கேக்கட்டும். அது சம்மதிச்சா அது சொல்லும். அதால முடியலன்னா, அதைக் கேட்டுக்கினு நான் சொல்றேன். ஊரும் கேட்டா ஊருக்கும் சொல்றேன். தலை குனிய வேண்டியவன் அதோ கிடக்கறான்."

அம்சவள்ளியை ஜீப்புக்கு அழைத்துப் போனார்கள். அவள் தங்கையின் அறைப் பக்கம் திரும்பினாள். அமுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொட்டிலில் குழந்தை அழுதது. பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் ஓடிப்போய்த் தூக்கினாள்.

ராஜ்மோகன் கொல்லைக்குப் போனார். துருப்பிடித்த டப்பா ஒன்றைக் கிளறினார். பழைய தாழ்ப்பாளோடும் ஸ்க்ரூடிரைவரோடும் திரும்பி வந்தார்.

"கதவுல கை வைக்கலாமாம்மா?"

"போட்டோ எடுத்தாச்சி. வைங்க."

ஏட்டு சூசைநாதன் ஜெயசித்ராவின் காதில் கிசுகிசுத்தார்.

"மேடம், பெரியவரு அதை உள்பக்கம் போடறாரா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்தான் சூசை. வெளிப்பக்கம் போடற கதவு நம்ம ஸ்டேஷன் லாக்கப்புல சும்மாதானே கிடக்கு... வண்டியை எடுங்க!"