எந்த ஃபுட்பால்?

"சனிக்கிழமை காலையில பூங்காவுக்கு வந்துடுங்க. ஃபுட்பால் ஆடலாம்" என்றுதான் ஹேசல் எல்லோரிடமும் சொன்னாள். அதில் என்ன குழப்பம் வரும்?

மெல்பர்ன்காரி ஹேசல், ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆடும் நீள்பந்தோடு வந்தாள். ஸ்டாவ்ரோஸ் உருண்டைப் பந்தோடு வந்தான். சிட்னியிலிருந்து குடிவந்த டோமசியின் கையில் இருந்தது ரக்பி பந்து.

"இதெல்லாம் என்ன?" என்றாள் ஹேசல்.

"ஃபுட்பால்!" என்றார்கள் இருவரும்.

ஹேசல் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அயர்லாந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஈஃபா மட்டும் வெறுங்கையோடு நின்றாள். வகுப்பில் யாரோடும் பேசாதவள். ஹேசல் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவளை வரவழைத்திருந்தாள்.

"எங்க ஊர்ப் பந்து இந்த மாதிரிதான் இருக்கும்" என்று உருண்டைப் பந்தை மெதுவாகக் காட்டினாள் ஈஃபா.

"அப்படிப் போடு!" என்று ஸ்டாவ்ரோஸ் துள்ளினான்.

அந்தப் பந்திலேயே ஆட்டம் தொடங்கியது. பந்து வந்ததும் ஈஃபா அதைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினாள்.

"கள்ளாட்டம்! கையால தொடக் கூடாது!" என்று ஸ்டாவ்ரோஸ் கத்தினான்.

"ஏன் தொடக் கூடாது? ஆனா பின்பக்கமாத்தான் எறியணும்" என்றான் டோமசி.

"எங்க ஃபுட்பால்ல கையால எடுக்கலாம்..." என்ற ஈஃபாவின் முகம் சிவந்தது. பந்தைக் கீழே வைத்தாள். "நான் வீட்டுக்குப் போறேன்."

"யாரும் எங்கேயும் போக வேண்டாம்!" ஹேசலுக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரே பேரு, ஆளுக்கொரு ஆட்டம்! தலை வலிக்குது எனக்கு. ஈஃபா, உங்க ஊர் ஆட்டத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடு. இன்னிக்கு அதைத்தான் ஆடுறோம்."

"அதென்ன, அவளோட ஆட்டம்?" என்று ஸ்டாவ்ரோஸ் முறைத்தான்.

"உன் ஆட்டத்தை ஆட உனக்கு இங்க ஆளு இருக்குடா. அவளுக்கு யாரு இருக்கா?"

ஸ்டாவ்ரோஸ் காலால் புல்லைக் கிளறினான். பிறகு பந்தை எடுத்து ஈஃபாவிடம் நீட்டினான். "சரி, சொல்லு."

நாலடி ஓடியதும், ஈஃபா பந்தைக் காலில் விட்டுத் தட்டினாள். அது திரும்ப அவள் கைக்கே வந்தது.

டோமசி அப்படிச் செய்தபோது பந்து குளத்துப் பக்கம் போனது. ஹேசல் தட்டியது அவள் மூக்கிலேயே பட்டது. ஸ்டாவ்ரோஸோ, பந்து வந்தாலே கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். பழக்கதோஷம்!

நான்காவது முறையும் பந்தை அவன் நெஞ்சில் வாங்கியபோது, ஈஃபா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூங்காவே அதிரக் கத்தினாள்:

"அடேய், கையால பிடிடா! ஃபுட்பால் ஆடத் தெரியாதா உனக்கு?"