முளைப்பொலி

பதிவில் இன்னொரு குரல் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவள் உதயரூபனின் மகள்தான்.

"அப்பா, நீங்க சொன்னாப்போல ஆரு திருப்பிச் சொல்றது?" யதுர்ஷினி போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டாள்.

"காத்து புள்ள. குடு இஞ்ச."

காற்று என்று சொல்வதற்கே அவனுக்குத் தெம்பு வேண்டியிருந்தது. விடிந்ததிலிருந்து செங்கலடியில் டியூசன் வகுப்பு. கணக்கைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், பஸ்ஸில் நின்றபடியே வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து கிடந்தான். மனைவி கஜானிக்கு ஆசுபத்திரியில் பின்னேர டியூட்டி. அவள் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சோறு போட வேண்டும், பிள்ளை தூங்கியபின் நாவலின் மூன்றாம் பாகத்தை எழுத வேண்டும். நினைக்கவே கொட்டாவி வந்தது.

பகலில் கணக்கு வாத்தி, இரவில் மாயக்கதை எழுத்தாளன். உப்பால் கட்டிய கோட்டை, வாவிக்கடியில் மேயும் எருமைகள், அந்த மாயநாட்டார் மட்டும் பேசும் மந்திர மொழி என்று இரண்டு பாகம் எழுதிவிட்டான். அந்த மொழி எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் விடாமல் கேட்டார்கள். ஆளைவிட்டால் போதும் என்றுதான் போன சனிக்கிழமை ஒரு பேச்சைப் பதிவு செய்து யூடியூப்பில் போட்டான். வீட்டுக்குப் பின்னால் அறுவடை முடிந்த வயல்வட்டையில், நெல்லடிக்கும் பழைய களவெட்டி இருந்த மேட்டில், பொழுதுபட்ட மைம்மல் நேரத்தில் நின்று பேசினான். தவளைச் சத்தம் பின்னணிக்கு நன்றாக இருக்கும் என்பது அவன் எண்ணம். வேறு இடமா இல்லை அந்த மனிதனுக்கு!

உண்மையில் அந்த மொழி அவன் செய்ததல்ல. மெசின் வருமுன், களவெட்டியில் மாடு கட்டிச் சூடு மிதித்து நெல் பிரித்த காலத்தில், அங்கே யாரும் நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள். பொலி என்பார்கள். சாக்கைப் பெருவாயன் என்பார்கள். மாடு, வாரிக்காலன். சுற்றிவரக் காத்துக்கிடக்கும் பூதங்களுக்கு விளங்கிவிட்டால் விளைச்சலை வாரிக்கொண்டு போய்விடும் என்ற பயம். அதற்காகவே ஒரு தனிப் பேச்சு.

உதயரூபன் அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கருத்தும் சொன்னான். வாத்திப் பழக்கம் விடுமா? ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தரம் சொல்லி, வகுப்பில் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல விடுவதுபோல இடைவெளியும் விட்டான். பேச்சு முடிந்த பிறகாவது வாயை மூடியிருக்கலாம். "களவெட்டியில குழந்தைக்குச் சொல் இல்ல. அத நானே செய்தன். முளைப்பொலி. என்ட மகளத்தான் முதல்ல அப்பிடிக் கூப்பிட்டன். எங்க நிண்டாலும் ஓடி வந்திருவாள்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

மாமனார் இராசதுரை அதைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே போன் எடுத்தார்.

"மருமகன், அவங்களுக்கு விளங்கக் கூடாதெண்டுதானே அந்தப் பேச்சு? நீங்க அங்கினயே போய் நிண்டு கருத்தும் சொல்லிக் குடுத்திட்டீங்களே!"

"மாமா, அது கதைக்கு..."

"கதையோ என்னவோ. இப்ப மெசின் வெட்டி, வயலிலயே மூட்டை கட்டி, லொறியில போகுது. களவெட்டியில ஒரு மணி விழுறல்ல. எத்தின வரிசமாப் பசியில கிடக்கிறவங்க! அத அழிச்சிப் போடுங்க. புள்ளைய அந்தச் சொல்லால கூப்பிடவும் வேணாம்."

"நாளைக்கு அழிக்கிறன் மாமா."

களைத்துப்போன மனிதனுக்கு நாளைக்கு என்ற சொல் எவ்வளவு சுகம்! அந்த நாளைக்குத்தான் இன்றைக்குச் சனிக்கிழமைவரை வந்து நிற்கிறது.

அவன் இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு பதிவை முதலிலிருந்து போட்டான். தவளைகள் கத்தின. தூரத்தில் வாவிக்கரைப் பக்கமாக ஒரு மோட்டார்சைக்கிள் போனது. பிறகு அவன் குரல், பொலி, பொலி என்று தெளிவாக. பிறகு அவன் விட்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள், தவளைச் சத்தத்துக்கும் கீழே, நிலத்தோடு நிலமாகக் கிடந்து பேசுவதுபோல, பல தொண்டைகள் ஒன்றாகச் சொல்லின.

பொலி.

புதிதாக எழுத்துக் கூட்டும் பிள்ளைகள்போல இழுத்து, குழறி. அடுத்த சொல்லுக்குக் குழறல் குறைந்தது. வாரிக்காலன் என்பதைச் சுத்தமாகவே சொல்லின. வகுப்பில் இப்படிப் படிப்பவர்கள் கிடைத்தால் அவன் கும்பிட்டிருப்பான். இப்போது இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

கடைசிச் சொல்லுக்கு வந்தான். முளைப்பொலி என்று அவன் குரல் சொன்னது. மறுபடியும் சொன்னது. இடைவெளி வந்தது. பல தொண்டைகள் இல்லை இப்போது.

முளைப்பொலி, என்று மூன்றாம் தரமும் அவன் குரலே சொன்னது. அவன் அதை மூன்றாம் தரம் சொல்லவேயில்லை.

கரண்ட் போனது.

மின்விசிறி சுழன்று ஓய்ந்தது. யன்னலில் இன்னும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக ஒரு வாசம் வந்தது. மிதிபட்ட வைக்கோல், பதர்த் தூசு, மாட்டுச் சாணி. அறுவடை முடிந்து எவ்வளவோ நாள், இந்தப் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் எவரும் இல்லை. ஆனாலும் வட்டைப் பக்கம் கனத்த குளம்புகள் வைக்கோலை மிதித்து மிதித்து வட்டமாகச் சுற்றுவது அவனுக்குக் கேட்டது. மெதுவாக. அவசரமில்லாமல்.

யதுர்ஷினி பின்கதவுப் படியில் குந்தியிருந்து பள்ளிக்கூட ரிப்பனைப் பொம்மைக்குக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யது, உள்ளுக்கு வா" என்றான். கட்டிய தொண்டையிலிருந்து காற்றுத்தான் வந்தது.

"முளைப்பொலி!"

அவன் கூப்பிடவில்லை. வட்டையிலிருந்து வந்தது. அவன் குரல், கட்டிய தொண்டையோடு, களைப்போடு, கொஞ்சலோடு.

"வாறன் அப்பா!" அவள் எழுந்து ஓடினாள்.

எப்படிப் பாய்ந்தான் என்று தெரியாது. முற்றத்தில் வைத்து அவளை வாரித் தூக்கி உள்ளே வந்து கதவை அடித்துச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். அறை மூலையில் மாமனார் அனுப்பிய நெல்மூட்டை நின்றது. அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து இருந்து, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டான்.

"அப்பா இஞ்ச இரிக்கன். அது நானில்ல."

"மறுகா ஆரு?"

"கதைக்காத. அது கூப்பிட்டா நீ பதில் சொல்லக் கூடாது. விளங்கிச்சா?"

அவள் தலையாட்டினாள். அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்ன உடம்பு, நல்ல சூடு. கடவுளே, இவளை மட்டும் விட்டுவிடு, கதையும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம் என்று அவன் மனம் கெஞ்சியது. வெளியே குளம்புகள் சுற்றின. சுற்றின. ஒரே தாளம். அந்த நேரத்திலும் அவனுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது, அதுதான் அநியாயம். உடம்பு கிடந்து கெஞ்சியது. இமை ஒரு தரம் விழுந்தது. உடனே திறந்தான். கை இளகவில்லை. மடியில் பாரம் அப்படியே இருந்தது.

குளம்புகள் நின்றிருந்தன.

"முளைப்பொலி!"

அவன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். பிள்ளை அசையவில்லை. நல்ல பிள்ளை. பதில் சொல்லவில்லை.

"வாறன் அப்பா!"

மடியிலிருந்து அல்ல. வெளியிலிருந்து. முற்றம் தாண்டி, வட்டைக்குள், ஓடிக்கொண்டே சொன்ன குரல்.

கதவைப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. மூலையைப் பார்த்தான். நெல்மூட்டை நின்ற இடம் வெறுமையாகக் கிடந்தது.

மடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. போன் வெளிச்சத்தைப் போட்டான். கன்னத்தில் உரசிக்கொண்டிருந்தது சணல். சாக்கு. அவன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது சாக்கு.

கூப்பிட வேண்டும். எங்கே நின்றாலும் அவள் ஓடி வரும் சொல் ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. வட்டையில் அவன் குரல் அதை அவனுக்கு முந்திச் சொன்னது. பிறகு பல தொண்டைகள் ஒன்றாக, குழறாமல், பொலி, பொலி என்று களத்தில் நெல் அளப்பதுபோல எண்ணத் தொடங்கின.

அவன் கைகளுக்குள் பெருவாயன் நிறைந்துபோய், இன்னும் இளஞ்சூடாக, வாயில் மகளின் வெள்ளை ரிப்பன் கட்டியபடி இருந்தது.