கேமுக்குப் பாதி, சாருவுக்குப் பாதி

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத்தும் ஹம்சாவும் அடையாறு காந்தி நகரில் அந்தப் பழைய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். லிஃப்ட் கிடையாது. கூடத்து ஜன்னலைப் புங்கமரம் ஒன்று அடைத்துக்கொண்டு நின்றதால் நண்பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருந்தது. ஆனாலும் மந்தைவெளி வீட்டில் ஹம்சாவால் இனி இருக்க முடியாது. அங்கேதான் மார்கழியில் அவர்களுடைய ஒரே மகள் சாருமதிக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. ஏழு வயது.

சாருவின் சாமான்களை ஹம்சா ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, பரண்மேல் ஏற்றச் சொன்னாள். ஸ்கூல் ஷூ, பாட்டுக் கிளாஸ் பை, வீடியோ கேமின் இரண்டாவது கன்ட்ரோலர். அதற்கு ரோஸ் நிற ரப்பர் உறை. சாயங்காலமானால் அப்பாவுக்கு இடப்பக்கம் சோபாவில் ஏறி உட்கார்ந்து சாரு விளையாடுவது அதில்தான்.

பெட்டிக்குள் போகாதது ஹார்ட் டிஸ்க் மட்டும்.

அதை வாங்கியது ஸ்ரீநாத்தின் சாமர்த்தியம். கம்ப்யூட்டருக்கு ஒன்று, கேமுக்கு ஒன்று என்று இரண்டு எதற்கு, ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரில் போட்டு அதைச் சரிபாதியாகப் பிரித்தான். ஒரு பாதி கேமுக்கு. மறுபாதியில் சாருவின் வீடியோக்கள். ஹம்சாவின் ஃபோனில் இடமே இல்லாமல் போனபோது எல்லாவற்றையும் டிஸ்கில் ஏற்றிவிட்டு ஃபோனில் இருந்தவற்றை அழித்ததும் அவன்தான். குழந்தை முதல் அடி வைத்தது, பல் விழுந்தது, நவராத்திரிக்குப் பாவாடை தடுக்கி விழுந்தபடியே பாடியது எல்லாம் இப்போது அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியில் மட்டுமே இருந்தன.

இப்போதைக்குப் பார்க்கத் தெம்பில்லை என்று ஹம்சா சொல்லியிருந்தாள். கார்த்திகையில் குழந்தையின் நட்சத்திரப் பிறந்தநாள். அன்று உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கப்போகிறாள். அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து, குளித்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். வெறும் வீடு காதை அடைத்தது. எதையாவது விளையாடலாம் என்று ஸ்ரீநாத் கேம் பெட்டியைப் போட்டான். புது கேமுக்கு இடம் போதாது என்றது. அதற்கென்று பிரித்து வைத்த பாதி காலியாகத்தானே கிடக்கிறது என்று டிஸ்கைக் கொண்டுவந்து சொருகினான்.

ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், உள்ளே இருப்பது அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. கேமுக்குரிய பாதியைத்தான் சொல்கிறது என்று அவன் எடுத்துக்கொண்டான். பிரித்தவனே அவன்தானே.

அப்போது நீலகிரித் தைலம் மணத்தது.

ஜுரத்தின்போது சாருவின் நெஞ்சில் தடவிய தைலம். இந்த வீட்டில் அந்தத் தைலமே கிடையாது.

இடப்பக்கம் சோபா மெல்ல அமுங்கியது.

காதருகே ஒரு பேச்சு. மார்கழியிலிருந்தே சாருவின் குரல் அவனுக்குக் குழாய்த் தண்ணீரிலும் கேட்டது, மின்விசிறியிலும் கேட்டது. இதுவும் மனப்பிரமைதான் என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் தலையை உதறினான்.

பட்டனை அழுத்தினான்.

கேம் பெட்டிக்குப் பாதிக் கணக்கெல்லாம் தெரியாது. டிஸ்க் முழுவதையும் துடைத்துத் தனக்கு ஏற்றாற்போல் மாற்றிக்கொண்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் ஸ்ரீநாத்துக்கு விஷயம் விளங்கியது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அழுதான். ஹம்சாவிடம் மூச்சு விடவில்லை.

அழிந்ததை மீட்டுத் தருகிறவர் என்று ரிச்சி தெருவில் மெஹபூப் பாஷாவைச் சொன்னார்கள். அவர் டிஸ்கைச் சில நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"படம் ஒண்ணும் வரல சார். சத்தம் மட்டும் கொஞ்சம் வந்துச்சி." டிஸ்கை நீட்டியவர் கையை எடுக்கவில்லை. "வூட்ல கொழந்த எதுனா கீதா?"

"இல்ல."

பாஷா கையை எடுத்துக்கொண்டார். என்ன சத்தம் என்று கேட்க ஸ்ரீநாத்துக்குத் தைரியம் வரவில்லை.

கார்த்திகை வந்தது. பிறந்தநாள் அன்று விடிந்ததிலிருந்து மழை. ஹம்சா திரட்டுப்பால் கிளறி, சாருவின் வெள்ளிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். கொட்டுகிற மழையில் மத்தியானமே கூடம் இருண்டு கிடந்தது. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பொய்யை ஸ்ரீநாத் அப்போதுதான் சொன்னான்.

"வீடு மாத்தறச்சே எங்கேயோ அடிபட்டிருக்கு போலிருக்கு. டிஸ்க் போயிடுத்து, ஹம்சா."

அவள் டிஸ்கை எடுத்துவந்தாள். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு எழுந்து டிவி பக்கம் போனாள்.

"இதுல போட்டுப் பாத்தியா? ரெண்டுக்கும் சேத்துதானே வாங்கினே."

அவன் வேண்டாம் என்பதற்குள் சொருகிவிட்டாள். கேம் பெட்டி டிஸ்கைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டது. பதிவான காட்சிகள் என்ற இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. ஆடி மாதத் தேதி. ஸ்ரீநாத் எதையும் பதிவு செய்ததே இல்லை.

ஹம்சா அதை ஓடவிட்டாள்.

குழந்தை இல்லை. ஃபார்மட் செய்யச் சம்மதமா என்ற அந்தத் திரைதான். கன்ட்ரோலரில் இருக்கும் சின்ன மைக் வழியே ஸ்ரீநாத்தின் மூச்சு கேட்டது. சோபா கிரீச்சிட்டது.

"அப்பா, வேண்டாம்ப்பா. அதுக்குள்ளதான் நான் இருக்கேன்."

முன்பல் விழுந்த இடத்தில் காற்றுப் புகும் அதே பேச்சு.

திரையில் குறி நகர்ந்து சம்மதத்தில் நின்றது. அழுந்தியது. காட்சி முடிந்தது.

ஹம்சா அவன் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"அன்னிக்கு இது உன் காதுல விழுந்துதா?"

இன்னொரு பொய்க்கு அவனிடம் பலம் இல்லை. "விழுந்துது," என்றான்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது. வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவந்து சோபாவின் இடப்பக்கம் வைத்துவிட்டு, அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, காட்சியை மறுபடியும் ஓடவிட்டாள். பிறகு மறுபடியும்.

பரண்மேல் ஏதோ அதிர்ந்தது.

ஸ்டூல் போட்டு ஏறினான். அட்டைப்பெட்டி. ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. கிழித்துத் திறந்ததும் நீலகிரித் தைலம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஷூவுக்கு அடியில் ரோஸ் உறை போட்ட கன்ட்ரோலர் துடித்துக்கொண்டிருந்தது. மார்கழிக்குப் பிறகு அதற்கு யாரும் சார்ஜ் போடவில்லை. ஆனாலும் அதன் சின்ன விளக்கு எரிந்தது.

எடுத்தான். சுட்டது. அந்தச் சூடு அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் விடிய விடிய அவன் பிடித்துக்கொண்டிருந்த கையின் சூடு.

"அவகிட்ட குடு," என்றாள் ஹம்சா. "உன் கையில வெச்சுக்காதே."

கிண்ணத்தின் அருகே வைத்தான். துடிப்பு நின்றது. இரண்டாவது ஆட்டக்காரர் வந்துவிட்டார் என்று திரை அறிவித்தது. சோபா மெல்ல அமுங்க, கிண்ணம் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிந்தது. ஹம்சா சிரித்தாள். மார்கழிக்குப் பிறகு அவள் சிரித்து அவன் பார்க்கவே இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து வெளியே இடி விழுந்து கரண்ட் போனது. டிவி அணைந்தது. கூடம் முழுக்க இருட்டு.

ஹம்சாவின் மூச்சு கேட்டது. அவன் மூச்சும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று, சளி கட்டியது, வேக வேகமாக.

"அப்பா, மறுபடியும் அழிச்சுட்டியா?"

ரோஸ் உறைக்குள் அந்தச் சின்ன விளக்கு மட்டும் அணையவில்லை.